ஈரம் பார்க்கும் மெஷின்

என் புருஷன் என்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு வாக்கியம் உண்டு: "உனுக்கு யார் மேலயும் நம்பிக்கை கெடையாது." உண்மைதான், நான் மறுக்க மாட்டேன். தராசைக் கண்டால் அதன் அடியைத் தடவிப் பார்ப்பேன். பால்காரர் காரணமில்லாமல் சிரித்தால் பாலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் கருவாடு போட்டு விற்கிற பொம்பளை வருகிறவன் போகிறவனையெல்லாம் நம்பினால் வெறும் கூடையோடு உட்கார வேண்டியதுதான். இந்தக் குணத்தால் நான் பிழைத்திருக்கிறேன். இதே குணத்தால் என் தங்கச்சிக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு தோணிரேவுப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் பூசிய தரை ஒன்று இருக்கிறது. மீனைக் கீறி, கழுவி, உப்பில் ஊறப்போட்டு, அந்தத் தரையில்தான் காயவைப்பேன். நல்ல கருவாடு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போகும். தலை, வால், உடைந்தது, பொடிமீன் எல்லாம் கோழித்தீவனத்துக்கு. அதற்கென்று ஒரு தீவனக்காரர் வாரா வாரம் குட்டியானை வண்டியில் வந்து அள்ளிக்கொண்டு போவார். மார்க்கெட்டில் விற்பது பேருக்குத்தான். வீடு ஓடியது அந்தப் பொடிமீனில்.

அந்தத் தீவனக்காரர் திடீரென்று வாரத்தை விட்டு மாதத்துக்கு ஒருமுறை வர ஆரம்பித்தார். வந்தாலும் இரண்டு மூட்டைக்கு மேல் எடுப்பதில்லை.

"இன்னாண்ணா, கோழியெல்லாம் விரதம் இருக்குதா?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற. சாராய ஃபேக்டரிலேர்ந்து சோளச்சக்கை வருதும்மா. சத்து இருக்குது, நாத்தம் கெடையாது, வெலையும் கம்மி. உன் பொடிமீன வாங்கிக்கினு நான் இன்னா பண்றது?"

சாராய ஃபேக்டரி என்று அவர் சொன்னது, வடக்கே ஹைவே ஓரம் புதிதாக வந்திருந்த எத்தனால் ஆலையை. மக்காச்சோளத்தை அரைத்து, புளிக்கவைத்து, காய்ச்சி, பெட்ரோலில் கலப்பதற்கு ஒரு சரக்கு எடுக்கிறார்கள். மிஞ்சுகிற சக்கையைக் காயவைத்துத் தீவனமாக விற்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைக் கழற்றிவிட்டு வேறு யாரிடமோ மீன் வாங்குகிறார், அதற்கு ஒரு கப்சா விடுகிறார் என்று நினைத்தேன். அவருடைய குடோனுக்கே பஸ் ஏறிப் போய் ஒரு மூட்டையில் கையை விட்டேன். மஞ்சளாக, தவிடு மாதிரி, புளித்த தோசைமாவு வாசனையோடு சக்கை வந்தது. அவர் சொன்னது நிஜம்தான் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

"சோளத்த வண்டி குடிக்குது, சக்கைய கோழி துன்னுது, நான் இன்னாத்தத் துன்றது?" என்று கத்திவிட்டு வந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? ஆனால் அன்றிலிருந்து மக்காச்சோளம் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

அந்தச் சோளத்தைத்தான் என் தங்கச்சி விதைத்தாள்.

அவளைக் கொடுத்திருப்பது ஏரியை விட்டு உள்ளே தள்ளி, நெல் விளையும் ஊரில். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவளைக் குளிப்பாட்டி, சடை பின்னி, சண்டை போடக் கற்றுக்கொடுத்து வளர்த்தது நான்தான். அவள் வீட்டுக்காரர் மீஞ்சூரில் லோடு ஏற்றும் வேலைக்குக் காலை ரயிலில் போனால் இருட்டின பிறகு வருவார். ஒன்றரை ஏக்கர் நிலமும் அவள் பொறுப்பு. நிலத்துக்குச் சொந்தமாகப் போர்வெல் கிடையாது. பக்கத்து நிலத்துக்காரர் தன் மோட்டாரிலிருந்து ஒரு பைப்பை இவள் வரப்புக்குத் திருப்பிவிடுவார். அதற்குப் பதிலாக அவர் நடவுக்கும் அறுப்புக்கும் இவள் போய் நிற்பாள். பத்திரம் எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த ஒன்றரை ஏக்கர் வெறும் மண்.

பக்கத்து நிலத்துக்காரர்தான் ஊரில் முதலில் மக்காச்சோளம் போட்டார். ஆலையின் ஏஜென்ட் ஒரு பையன், கழுத்தில் அட்டை தொங்க பைக்கில் வந்து, ஊரிலேயே எடை போட்டு எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னானாம். அப்படியே எடுத்தும் போனானாம். அடுத்த வருஷம் ஊரில் பாதிப் பேர் நவரைப் பட்டத்து நெல்லை விட்டுவிட்டுச் சோளத்துக்கு மாறினார்கள். குத்தகை ஏறிற்று. வைக்கோலுக்குத் தட்டுப்பாடு வந்து மாட்டை விற்றவர்களும் உண்டு.

"நெல்லுன்னா விக்கலைன்னாலும் வூட்ல சோறு. இத்த விக்கலைன்னா இன்னாடி பண்ணுவ? மோட்டார் சைக்கிள்ல ஊத்திக்குவியா?" என்றேன்.

"நல்ல வார்த்தையே உன் வாய்ல வராதாக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சோளம் நன்றாகவே வந்தது. பொய் சொல்லக்கூடாது, கதிர் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம் இருந்தது. மெஷின் வைத்து மணி உதிர்த்தாயிற்று. காயவைக்கத்தான் இடம் இல்லை. ஊர்க் களத்தில் வேறு ஆட்களின் சோளம் கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரருக்குச் சொந்த மொட்டைமாடி இருந்தது. தங்கச்சி வீடு ஷீட் போட்டது. மழை வரும் என்று டிவியில் வேறு சொன்னார்கள்.

"எங்க வூட்டுத் தரை சும்மாதானே கெடக்குது, இங்க கொண்டாடி," என்று போன் பண்ணினேன். சும்மா கிடந்ததற்குக் காரணமே அந்தச் சோளம்தான் என்பது வேறு விஷயம்.

தரையை மூன்று முறை பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்திருந்தேன். வண்டியில் வந்த மணிகளைக் கொட்டிப் பரப்பினோம். மூன்று நாள் வெயிலில் நானே குடையைப் பிடித்துக்கொண்டு காவல் உட்கார்ந்தேன். காலால் கிளறிவிடுவேன், காக்காயை விரட்டுவேன், சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவேன். தங்கச்சி காலையில் வந்து பார்த்துவிட்டு மத்தியானமே ஊருக்குத் திரும்பிவிடுவாள். இரண்டாம் நாள் குவிக்கும்போது மணிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கருப்பு வண்டு ஊர்வதைப் பார்த்தேன். உள்ளே போய் உப்புப் பானையைத் தூக்கிவந்து, பொடி உப்பைக் கைநிறைய அள்ளி மேலும் கீழுமாகத் தூவிக் கிளறிவிட்டேன். மறுநாளும் அப்படியே. கருவாட்டில் ஈ முட்டை வைக்காமல் இருக்க நாங்கள் செய்வது அதுதான். பூச்சி என்றால் உப்பு, எனக்கு வேறு மருந்து தெரியாது. தங்கச்சியிடம் சொல்லவில்லை. ஒளிக்கவும் இல்லை. குழம்புக்கு உப்புப் போட்டதை யாராவது ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

எடை போடும் நாளன்று நானும் போனேன். தங்கச்சியை ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? ரேஷன் கடை வாசலில் தராசை வைத்திருந்தார்கள். ஏஜென்ட் கையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு மெஷின். ஒரு கிண்ணம் சோளத்தை அதில் கொட்டி மூடினால் எத்தனை ஈரம் என்று நம்பர் காட்டும். பதினாலு வரைக்கும் முழு விலை, பதினாறு வரைக்கும் கொஞ்சம் கழிப்பார்கள், அதற்கு மேல் எடுக்கவே மாட்டார்கள்.

நான் போனபோது பக்கத்து நிலத்துக்காரர் ஏஜென்டுக்கு நொங்கு சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. முதலில் அவர் மூட்டை. மெஷின் பதின்மூன்று காட்டிற்று. அடுத்து தங்கச்சியுடையது. பத்தொன்பது. வேறு மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டான். அதுவும் பத்தொன்பது. மூன்றாவது பதினெட்டு.

"யம்மா, பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்குது. மெஷின் ஒத்துக்க மாட்டுது. நான் இன்னா செய்யட்டும்?" என்றான் ஏஜென்ட்.

தங்கச்சி முகம் செத்துவிட்டது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிற்று. மூன்று நாள் நான் வெந்து காயவைத்த சோளம். கையில் அள்ளினால் கலகலவென்று சத்தம் போடுகிறது. காய்ந்ததா காயவில்லையா என்று இந்தக் கைக்குத் தெரியாதா?

"நொங்கு குடுத்தவருக்குப் பதிமூணு, குடுக்காதவளுக்குப் பத்தொம்போதா? யார்கிட்ட டபாய்க்கிற நீ?" என்று ஆரம்பித்தேன். கூட்டம் முதலில் சிரித்தது. நான் நிறுத்தவில்லை. மெஷினுக்கு உள்ளே என்ன வைத்திருக்கிறாய், எவ்வளவு வாங்கினாய், எத்தனை நாளாக இரண்டு பேரும் கூட்டு என்று கேட்டுக்கொண்டே போனேன்.

பக்கத்து நிலத்துக்காரர் எழுந்து நின்றார். "யம்மா, வெயில்ல வந்த பையனுக்கு நொங்கு குடுத்தேன். வார்த்தைய அளந்து பேசு."

"அளக்கறதெல்லாம் ஒங்க கைல இருக்குதே, நான் எங்க அளக்கறது?"

தங்கச்சியும் சேர்ந்துகொண்டாள். "ஒங்கள சொந்த அண்ணனா நெனச்சேன். இப்பிடிப் பண்ணிட்டீங்களே," என்று அழுதாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஏஜென்ட் தராசை வண்டியில் ஏற்றினான். வரிசையில் நின்ற மற்றவர்கள் கெஞ்சியும் அவன் திரும்பவில்லை. அவர்கள் வண்டி பிடித்து ஆலை வாசலுக்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று. தங்கச்சியின் சோளத்தை ஒரு கோழிப்பண்ணைக்காரர் கேட்ட விலைக்கு வாங்கிப் போனார். என் கோழிகளுக்கென்று அரை மூட்டையை நான் எடுத்துவந்தேன்.

மறுநாள் காலையில் தங்கச்சி நிலத்துக்குப் போகும் பைப்பைப் பக்கத்து நிலத்துக்காரர் கழற்றிச் சுருட்டிவிட்டார்.

நான் அப்போதும் அசையவில்லை. "மடியில கனமில்லைன்னா ஏன் பைப்பக் கழட்றான்?" என்று தங்கச்சியிடம் சொன்னேன். பொன்னேரி மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரிகளிடம் அந்த மெஷின் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. சொல்லச் சொல்ல மெஷினுக்குள் ஒரு காந்தம் வந்து சேர்ந்தது. அப்புறம் ஏஜென்ட் பாக்கெட்டில் ஒரு ரிமோட்டும் வந்தது. எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு மஜாவாகக்கூட இருந்தது.

ஆடி போய் ஆவணி வந்தது. நாலு நாளாக வானம் மூடிக்கொண்டு, ஏரிக்காற்று பிசுபிசுவென்று அடித்தது. அந்த மாதிரி நாளில் உப்புப் பானை தண்ணீர் விடும், கருவாட்டு மூட்டை வியர்க்கும். எங்கள் தொழிலில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் கோழிக்குத் தீனி எடுக்கப் போனேன். அரை மூட்டைச் சோளத்துக்கு அடியில் தரை வட்டமாக நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று மேலே பார்த்தேன், இல்லை. பூனை வேலையா என்று மோந்து பார்த்தேன், அதுவும் இல்லை. மூட்டைக்குள் கையை விட்டேன். மணிகள் கையில் ஒட்டின. விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

அடக்கடவுளே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும் என்று இருபது வருஷமாகத் தெரிந்தவள் நான். இரண்டு ராத்திரி ஏரிக்காற்றில் தார்ப்பாய்க்கு அடியில் அந்த உப்பு சும்மாவா இருந்திருக்கும்? மணி காய்ந்திருந்தாலும் அதில் ஒட்டிய உப்பின் ஈரத்தைத்தான் மெஷின் காட்டியிருக்கிறது. பையன் திருடவில்லை. நொங்கு வெறும் நொங்குதான். கோழிகள் அந்தச் சோளத்தை ஏன் சீண்டவில்லை, தின்றவை ஏன் தண்ணீர்த்தொட்டியை விட்டு நகரவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் நான் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிடவில்லை. பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கம். பயமும்தான். தங்கச்சி என்னை என்ன நினைப்பாள் என்று பயம். இதையெல்லாம் தாண்டி எனக்குள்ளேயே ஒரு குரல், அந்த ஏஜென்ட் வேறு எதிலாவது ஏமாற்றியிருப்பான், ஏன் நீ போய்க் குனிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்குக் கொஞ்ச நாள் சோறு போட்டேன்.

பதின்மூன்றாம் நாள் தங்கச்சி வந்தாள். சாப்பிடச் சொன்னேன், தட்டைத் தள்ளிவிட்டாள்.

"நாத்தங்கால் வெடிச்சிப் போச்சுக்கா. மழை வர்ற வரைக்கும் தாங்காது. நெலத்தக் குத்தகைக்கு கேக்கறாங்க, சோளம் போடறதுக்கு. குடுத்துட்டு நானும் அவரு கூடயே மீஞ்சூருக்கு கம்பெனி வேலைக்குப் பூடலாம்னு பாக்கறேன்."

"யார்டி கேக்கறது?"

"எவனோ ஒருத்தன். ஊர்ல பாதிய அவன்தான் எடுத்துக்கினு இருக்கான். ஒருவாட்டி குடுத்தா திரும்பி வாங்க முடியாதாம்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். மோட்டார் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டு, உப்பு, நனைந்த தரை, எல்லாம். மன்னிச்சிடுங்கண்ணா என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அத்தனை சுத்தமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கடைசிவரை கேட்டார். "அன்னிக்கி நூறு பேர் முன்னால என்னைத் திருடன்னு சொன்னது இதே வாய்தான். இன்னிக்கி தனியா வந்து உப்புன்னு சொல்லுது. தண்ணிக்கோசரம் சொல்றியா, நெசமா சொல்றியான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"என் புள்ள மேல சத்தியமா நெசம்ணா."

"நெசமோ பொய்யோ. அங்க சொன்னத அங்கயே வந்து சொல்லு. அவ்ளோதான்."

ரேஷன் கடையில் அரிசி போடும் நாளாகப் பார்த்துப் போனேன். தங்கச்சியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் பையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து நிலத்துக்காரர் ஓரமாக நின்றார். நான் குரலை உயர்த்தி, தப்பு என்னுடையது, சோளத்தில் உப்பைத் தூவியது நான், அவரும் அந்தப் பையனும் ஒரு பாவமும் செய்யவில்லை என்று சொன்னேன். 

வரிசையிலிருந்து ஒரு பொம்பளை, "ஃபேக்டரிக்காரன் எவ்ளோ குடுத்தான்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். "சோளத்துல யாராவது உப்பு போடுவாங்களா? காதுல பூ சுத்தறா," என்றார் இன்னொருவர். நான் மறுபடி மறுபடி விளக்கினேன். விளக்க விளக்க அது கட்டுக்கதை மாதிரியே எனக்கும் கேட்டது. பக்கத்து நிலத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் தன் நிலத்துப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. தங்கச்சியின் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்வதைப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன்.

தங்கச்சி பின்னாலேயே ஓடிவந்தாள். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கோசரம் ஊர் முன்னால இப்பிடி அசிங்கப்பட்டியேக்கா. எந்த அக்கா செய்வா?"

"ஐயே, இல்லடி. நெசமாவே நான்தான் போட்டேன்."

"எங்கிட்டயுமா நடிப்ப? தண்ணிய வச்சி அந்த ஆளு உன்ன மடக்கிட்டான். எனக்குத் தெரியாதா? நடவு முடியட்டும், அவனையும் அந்த மெஷின்காரனையும் பாத்துக்கறேன்."

"வூட்டுக்கு வந்து அந்த மூட்டையப் பாருடி. ஒரு மணிய வாய்ல போட்டுப் பாரு. உப்பு கரிக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பாசம் இருந்தது.

"நீ அத்தனையும் யோசிச்சிருப்ப. இன்னிக்கிக் காலையில தூவிட்டு வந்திருப்ப," என்றாள்.

நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பஸ் வருகிறவரைக்கும் அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவள் கேட்கவில்லை.